அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஒரு மாமியாரும்

புத்தகம் சமையலறைக்குப் போய்விட்டது. அங்கிருந்து அதை மீட்பது எப்படி என்பதுதான் மருமகளுக்குப் பிரச்சினை.

காலையில் மேஜைமேல் வைத்த நாவல் மாலையில் அங்கே இல்லை. கட்டிலுக்கடியில், சலவைக்கூடையில், கணவனின் கருவிப்பெட்டியில் எல்லாம் தேடி அலுத்துத் தண்ணீர் குடிக்கப் போனவள், அடுப்பின் முன்னால் மாமியார் ஒரு கையால் பாலைக் கிளறிக்கொண்டு மறுகையில் அதை விரித்துப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். பக்க அடையாளத்துக்கு ஒரு சின்னக் கரண்டி பக்கத்திலேயே தயாராக இருந்தது.

"அத்தை, அது என் புஸ்தகம்."

"தெரியுமே. உன் மேஜைலதான் கிடந்துச்சு."

"எனக்கு அவசரமா வேணும்."

"நான் எடுத்ததுக்கு அப்புறம்தான் உனக்கு அவசரமே வந்திருக்கு. நாலு நாளா அதைத் தலைமாட்டில வச்சுத் தூங்கிட்டிருந்தே."

அதில் பொய் இல்லை.

அவள் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். பாடம் சொல்வன்மைக் கோட்பாடு. ஒருவர் இன்னொருவரை எப்படிப் பேசிப் பணியவைக்கிறார் என்பதைப் பற்றிய படிப்பு அது. எந்தப் பேச்சைக் கேட்டாலும் எந்த எழுத்தைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: பேசுவது யார், யாரிடம், அவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும். இந்த மூன்றையும் வருடத்துக்கு இருநூறு மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் குப்பையை யார் வெளியே கொண்டுபோய் வைப்பது என்பதில்கூட அவளால் இதுவரை ஒருவரையும் பணியவைக்க முடிந்ததில்லை. அது வேறு விஷயம்.

பன்னிரண்டு நாளில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கு. இந்த வருடம் பரிசு வாங்கிய புதிய நாவலைச் சொல்வன்மைக் கோட்பாட்டால் அலசி அவள் கட்டுரை படிக்க வேண்டும். "இது நல்லா அமைஞ்சுட்டா, அந்த நிரந்தர இடத்துக்கு உங்க பேரை எழுதி அனுப்ப எனக்குக் கை கூசாது" என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து அதைவிட இனிப்பான வாக்கியம் யாருக்கும் கிடைத்ததில்லை.

நாவலின் பெயர் 'கதவு எண் நாற்பத்தொன்று'. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பரிசு அறிவித்த மறுநாளே கடைகளில் தீர்ந்துபோயிற்று. அடுத்த அச்சு அடுத்த மாதம்தான். கல்லூரி நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை அவள் எடுத்துவந்திருந்தாள். நாற்பது பக்கம் படித்திருந்தாள். அந்த நாற்பது பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒருமுறை இமைக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் மருமகளுக்கு நாவல்கள்மேல் பெரிய பிரியம் கிடையாது. கோட்பாடு தெரிந்தவர்களுக்கு நாவல் ஒரு இடைஞ்சல். கோட்பாட்டுக்கு ஒத்துவராத பக்கங்கள் அதில் நிறைய இருக்கும்.

"எப்ப முடிப்பீங்க, அத்தை?"

"பெரிய புஸ்தகம். கண்ணு வலிக்கும். மெதுவாத்தான் படிக்க முடியும்."

மருமகள் அறைக்குப் போய்க் கணவனைத் தூது அனுப்பினாள். அவன் லிப்ட் மெக்கானிக். பழுதான லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு பதறுகிறவர்களை வெளியே நின்று பேசியே அமைதிப்படுத்தும் திறமை உள்ளவன். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"பேசிட்டேன்."

"குடுத்துட்டாங்களா?"

"அவசரமே இல்லை, நிதானமாப் படிங்கன்னு சொல்லிட்டேன். கண்ணு வலிக்குதுன்னாங்க, பாவமா இருந்துச்சு. நாளைக்குப் படிக்கிற விளக்கு ஒண்ணு வாங்கித் தரேன்னு சொல்லியிருக்கேன்."

மறுநாள் விளக்கு வந்தது. வளைந்த கழுத்துள்ள, நல்ல விளக்கு. அதன் பிறகு நாவலை மாமியாரின் கையிலிருந்து யமனாலும் பிடுங்க முடியாது என்று ஆயிற்று.

நாள் குறைந்துகொண்டே வந்தது. மூன்றாம் நாள் மாலை மருமகள் மெல்லச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊர்ப் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் வேலை இருக்கும்போதுதான் அவருக்கு வாய் நன்றாக ஓடும்.

"உட்காரேன். ஏன் நிக்கறே?"

"பரவாயில்லை அத்தை." மாமியார் உட்காரச் சொன்னால் மருமகள் நிற்பாள். குடை எடுத்துப் போகச் சொன்னால் நனைந்து வருவாள். கல்யாணமான ஏழு வருடமாக அந்த வீட்டு வழக்கம் அது. பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக அமைந்தது.

"உனக்கு இப்ப என்ன வேணும்? கதைதானே? நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. நீ படிச்சு, தூங்கி, திரும்பப் படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு தடவை சொல்லி முடிச்சுடுவேன்."

வேறு வழியில்லை. மருமகள் நோட்டை எடுத்துவந்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் கதவையே பாக்கறா, தெரியுமா உனக்கு?"

"தனிமை, அத்தை. இருத்தல் சார்ந்த தனிமை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. குத்த உணர்ச்சி. மாமியாரை விட்டுட்டுப் புருஷனை இழுத்துக்கிட்டுத் தனிக்குடித்தனம் வந்துட்டா. வந்த அன்னையிலேருந்து மனசு அறுக்குது. மாமியார் வந்து கதவைத் தட்ட மாட்டாளான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா."

மருமகளின் பேனா நின்றது.

காரணம் இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீடு ஒன்றை அவளும் கணவனும் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். மாமியாரிடம் மூச்சு விடவில்லை. அவள் சரியென்று சொல்லியாயிற்று. கணவன்தான் ஆறு மாதமாக, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிப்ட் மாதிரி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இருந்தான்.

"எந்தப் பக்கத்துல வருது, அத்தை, இந்தத் தனிக்குடித்தனம்?"

"நாற்பத்தொண்ணுல. நீ விட்டியே, அதுக்கு அடுத்த பக்கம்."

ஐந்து நாள், பட்டாணி, வெங்காயம், துணி மடிப்பு என்று கதை நடந்தது. மாமியார் நன்றாகத்தான் சொன்னார். தனிவீட்டில் அந்தப் பெண் பாலைப் பொங்க விடுகிறாள். சொல்ல ஆளில்லை. ஜுரம் வருகிறது, கஞ்சி வைக்க ஆளில்லை. புருஷன் வேலைக்குப் போனால் சுவரும் அவளும்தான். சுவரிடம் சண்டை போட்டுப் பார்க்கிறாள். சுவர் திருப்பிப் பேச மாட்டேன் என்கிறது.

"திருப்பிப் பேசற மனுஷங்களோட அருமை அப்பத்தான் அவளுக்குப் புரியுது" என்று சொல்லி மாமியார் ஒரு போர்வையை உதறினார்.

மருமகள் பரபரவென்று எழுதிக்கொண்டாள். ஆனால் அடிமனதில் ஒரு முள் உறுத்தியது. நாற்பது பக்கம் இமைக்காமல் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று இத்தனை காரியம் செய்வாளா? ஒருமுறை புத்தகத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. விடுமுறை நாள் மத்தியானம் மாமியார் தூங்கும்போது, கணவனைக் கைபேசியோடு உள்ளே அனுப்பினாள்.

"எவ்வளவு பக்கம் முடியுமோ அவ்வளவும் படம் எடுத்துட்டு வாங்க."

அவன் வியர்த்துப் போய்த் திரும்பினான். "அம்மா தலையணைக்கு மேல அதைத்தான் வச்சுப் படுத்திருக்காங்க. அறுபது கிலோ லிப்ட் கதவை ஒத்தை ஆளா நெம்பியிருக்கேன். இதை அசைக்க முடியலை. ஒரு ஓரமாத் தூக்கி ரெண்டு பக்கம் எடுத்தேன்."

முந்நூறும் முந்நூற்றொன்றும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கியம். கதவில் பெயின்ட் உரிந்து விழுவதைப் பற்றிய வாக்கியம். முற்றுப்புள்ளியைக் காணோம்.

"இதுல மாமியாரே இல்லையே" என்றான் கணவன்.

மருமகளுக்கும் ஒரு கணம் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் படித்த படிப்பு கைவிடவில்லை. "நேராச் சொல்லிட்டா அது நாவல் இல்லைங்க. இந்த உரிஞ்சு விழற பெயின்ட்டுதான் மாமியார்."

"அம்மாவா?"

"குடும்பத்துப் பூச்சு. அவ அதை உரிச்சுட்டு வந்துட்டா. இப்ப அதுவா உரியுது."

கணவன் தன் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். அதிலும் பெயின்ட் உரிந்துதான் இருந்தது.

அன்றைக்கே அவள் கட்டுரைச் சுருக்கத்தை எழுதித் துறைத்தலைவருக்கு அனுப்பினாள். 'பொங்கும் பாலும் உரியும் பூச்சும்: குற்ற உணர்வைக் கட்டமைக்கும் சொல்வன்மை' என்பது தலைப்பு. அவர் மறுநாள் வராந்தாவில் அவளை நிறுத்தினார்.

"அற்புதம். நானும் அந்த நாவலைப் படிச்சேன், ஆனா இவ்வளவு விஷயம் எனக்குத் தட்டுப்படவே இல்லை."

"நீங்க முழுசாப் படிச்சீங்களா, சார்?"

"கிட்டத்தட்ட" என்றார் துறைத்தலைவர். அந்தச் சொல்லின் சுருதியை மருமகள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுடைய சொல்லும்கூட. "ஒரு நல்ல செய்தி சொல்லணும். உங்க சுருக்கத்தைப் பார்த்த உற்சாகத்துல நாவலாசிரியருக்கே போன் பண்ணிட்டேன். கருத்தரங்குக்கு வரார். முன்வரிசையில உக்காந்து உங்க கட்டுரையைக் கேக்கப் போறார்."

மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டுக்கு ஓடிவந்தாள். "அத்தை, இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் புஸ்தகத்தைக் குடுங்க. மேற்கோள் எடுக்கணும்."

"நேத்தே கேட்டிருக்கக் கூடாதா? காலைலதான் முடிச்சேன். எதிர் வீட்டம்மா பிரயாணத்துக்குப் படிக்க ஏதாவது வேணும்னு கேட்டாங்க, தூக்கிக் குடுத்துட்டேன். மக வீட்டுக்குப் போயிருக்காங்க, வர பத்து நாளாகும்."

"நூலகப் புஸ்தகம் அத்தை அது."

"பத்திரமாப் படிக்கச் சொல்லியிருக்கேன். கரண்டியும் குடுத்தனுப்பியிருக்கேன்."

மருமகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லாததால் உட்கார முடிந்தது. "முடிவாவது சொல்லுங்க."

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார். அந்த முடிவைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் அடுப்பில் இருந்த பாத்திரம் ஒருமுறை அடிப்பிடித்தது.

கடைசியில் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. ஒரு மழைநாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய வீட்டுக்குத் திரும்புகிறாள். மணி அடிக்கிறாள். மாமியார் கதவைத் திறக்கிறாள். ஏன் போனாய், எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'வந்துட்டியா, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்' என்கிறாள். அவ்வளவுதான்.

மாமியார் பாத்திரம் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டை விட்டுப் போன எவளும் உருப்பட்டதில்லைங்கறதை அந்த மனுஷர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார், பாரு."

மருமகளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. எழுந்து அறைக்குப் போனாள். கணவன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல முதல் வேலையா அந்த வீட்டுக்காரருக்கு போன் பண்ணி, சரின்னு சொல்லுங்க."

"எந்த வீட்டுக்காரருக்கு?"

"மூணாவது மாடி. இந்த மாசக் கடைசிக்குள்ள போறோம்."

"திடீர்னு என்ன ஆச்சு? ஒரு நாவலுக்காகவா?"

"போனா உருப்பட மாட்டாங்களாம். போய் உருப்பட்டுக் காட்டறேன்."

ஆறு மாதம் அவள் கெஞ்சியும் கொஞ்சியும் தர்க்கம் பேசியும் நகராதவன், அந்தக் குரலைக் கேட்டதும் நகர்ந்தான். மறுநாள் காலை போன் பண்ணிச் சரியென்று சொன்னான். கட்டுரையில் மட்டும் அவள் அந்த முடிவை வானளாவப் புகழ்ந்திருந்தாள். பாசத்தை ஆயுதமாகத் தீட்டும் கலை, மன்னிப்பின் மூலம் தண்டிக்கும் உத்தி என்று மூன்று பக்கம். கட்டுரை வேறு, வாழ்க்கை வேறு.

கருத்தரங்கு நாள் வந்தது. நாவலாசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, சாந்தமான மனிதர். மடியில் ஒரு சின்னக் குறிப்பேடு. மருமகள் முப்பது நிமிடம் படித்தாள். பால் பொங்கியபோது அரங்கில் பெருமூச்சு கேட்டது. 'வந்துட்டியா, கை கழுவிட்டு வா' வந்தபோது பின்வரிசையில் ஒரு பேராசிரியை மூக்கை உறிஞ்சினார். துறைத்தலைவர் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி வந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் நாவலாசிரியர் எழுந்தார்.

"கட்டுரை ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த மாமியார் யாரு?"

"எந்த அர்த்தத்துல கேக்கறீங்க, சார்?"

"சாதாரண அர்த்தத்துலதான். என் நாவல்ல மாமியார் கிடையாது."

அரங்கில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"என் நாவல்ல மொத்தமே ஒருத்திதான். அவ கதவைப் பாக்கறா. கடைசி வரைக்கும் பாக்கறா. பால், ஜுரம், பெட்டி எதுவும் இல்லை. புருஷனும் இல்லை." அவர் குரலில் கோபம் இல்லை. வழி தெரியாதவன் விசாரிக்கிற தொனிதான் இருந்தது.

மருமகள் மேடை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடத் தற்காலிகம் கண்முன்னே பத்தாவது வருடமாக நீண்டது. துறைத்தலைவர் கூரையில் மின்விசிறியை எண்ணத் தொடங்கியிருந்தார். சமையலறையில் நின்று வெட்கமில்லாமல் கதை கட்டிய ஒரு முகம் மனதில் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"சார், எங்க கோட்பாட்டுப்படி மௌனம்கூட யாரையோ பாத்துப் பேசற பேச்சுத்தான். ஒரு பொண்ணு அறுநூத்திப் பன்னிரண்டு பக்கம் ஒரு கதவையே பாக்கறான்னா ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். யாராவது வந்துட மாட்டாங்களான்னு பாக்கணும். இல்லேன்னா, யாராவது வந்துடப் போறாங்களேன்னு பாக்கணும். இந்த ரெண்டு பார்வையும் ஒரே நேரத்துல பொருந்தற உறவு உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அரங்கம் அரை வினாடி யோசித்தது. பிறகு பெண்கள் வரிசையில் ஆரம்பித்த கைதட்டல் ஆண்கள் வரிசைக்குப் பரவி, சிற்றுண்டி பரிமாறக் காத்திருந்தவர்கள்வரை போயிற்று.

"அப்ப அந்தப் பெட்டி?" என்றார் நாவலாசிரியர், மெலிந்த குரலில்.

"அது வாசகர் கொண்டு வர்ற பெட்டி, சார்."

நாவலாசிரியர் உட்கார்ந்தார். குறிப்பேட்டில் வெகுநேரம் எழுதினார். பிறகு மறுபடி எழுந்து, "பதினோரு வருஷம் இதை எழுதினேன். என் அம்மாவும் என் மனைவியும் பக்கத்து அறையில சத்தம் போட்டுக்கிட்டிருப்பாங்க. நான் கதவைச் சாத்திட்டு, அந்தக் கதவையே பாத்துக்கிட்டு எழுதுவேன். ஏன் இப்படி எழுதினேன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

துறைத்தலைவர் மின்விசிறிகளை விட்டுவிட்டு மேடைக்கு ஏறிவந்தார். நிரந்தர இடத்துக்கான தாள் நாளைக்கே போகும் என்று அவள் காதோரம் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் நான்கு நிறுத்தத்துக்கு மருமகள் மாமியாரை மனதுக்குள் வெளுத்து வாங்கினாள். இல்லாத மாமியாரை, இல்லாத பெட்டியை, இல்லாத ஜுரத்தைச் சொல்லி, நாள்கணக்கில் நோட்டில் எழுதவைத்து, முந்நூறு பேர் முன்னால் சந்தி சிரிக்க வைக்க இருந்தாரே. வீட்டில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

ஐந்தாவது நிறுத்தத்தில் பழக்கதோஷத்தில் மூன்று கேள்வியும் வந்தன. பேசியது யார்? மாமியார். யாரிடம்? என்னிடம். என்ன காரியம் ஆக வேண்டும்?

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீடு பார்த்தது எப்படியோ மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. நேராகக் கேட்கவில்லை, சண்டை போடவில்லை, மகனிடம் அழவில்லை. ஒரு தடிப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு கதையைப் பட்டாணி உரித்துக்கொண்டே கட்டியிருக்கிறார். போகாதே என்ற ஒற்றைச் சொல்லை நேராகச் சொல்ல வாய் வராமல், அதற்கு ஒரு நாவலையே சுற்றி வளைத்திருக்கிறார். 'வந்துட்டியா, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.' அதைச் சொல்லும்போது கண் துடைத்ததை அவள் நேரில் பார்த்தாளே.

தனக்காக இதுவரை யாரும் ஒரு நாலுவரிக் கவிதைகூட எழுதியதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய், நடந்தே திரும்பி வந்தாள். நடக்கும்போதே கணவனை அழைத்தாள்.

"அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடுங்க."

"இப்பத்தான் வேணும்னு சொன்னேன்."

"அத்தை நம்மளை விட்டு இருக்க மாட்டாங்க. நான் படிச்ச படிப்புக்கு இது ஏழு வருஷம் முன்னாடியே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

கால்மணி நேரத்தில் அவன் திரும்ப அழைத்தான். சொல்லிவிட்டான். அந்த வீட்டை அதற்குள் வேறு ஒருவர் எடுத்துக்கொண்டும் விட்டார். மருமகளுக்கு நிம்மதியாக இருந்தது.

மாமியார் சமையலறையில் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விளக்கு வளைந்த கழுத்தோடு அலமாரிமேல் சும்மா நின்றது.

"அத்தை, நீங்க சொன்ன கதை அந்த நாவல்ல இல்லை."

மாமியார் குழாயை மூடினார். "அப்படியா? பக்கம் ஒட்டிக்கிட்டிருந்திருக்கும்."

"எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு."

"என்ன புரிஞ்சுது?" என்றார் மாமியார், ஒரு தட்டைக் கீழே வைத்து.

"நீங்க வாய் திறந்து சொல்ல வேண்டாம். உங்க மனசு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாங்க அந்த வீட்டை வேண்டாம்னு சொல்லிட்டோம். எங்கேயும் போகப் போறதில்லை. சாகற வரைக்கும் ஒண்ணாத்தான் இருக்கப் போறோம்."

"யார் சாகற வரைக்கும்?"

"எல்லாரும், அத்தை."

மாமியார் மெல்லப் பின்னால் கையைத் துழாவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மகிழ்ச்சி தாங்காதபோது மனிதருக்கு மூச்சு எப்படி அடைத்துப்போகும் என்று மருமகள் வகுப்பில் பல தடவை விளக்கியிருக்கிறாள். இன்றுதான் நேரில் பார்த்தாள்.

"அவசரப்பட்டுட்டியோன்னு பாக்கறேன்" என்றார் மாமியார் கடைசியில். "மூணாவது மாடின்னா நல்லாக் காத்து வரும். உனக்குக் கல்லூரியும் பக்கம்."

'இந்த நிலையிலும் நம்முடைய சௌகரியத்தைத்தான் நினைக்கிறார்' என்று மருமகளுக்கு நெஞ்சு நிறைந்தது. குனிந்து மாமியாரைக் கட்டிக்கொண்டாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. மாமியார் ஈரக் கை இரண்டையும் விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வாசல் மணி அடித்தது.

"நீங்க உக்காருங்க அத்தை, நான் போறேன்" என்றாள் மருமகள்.

மாமியார் அவசரமாக எழப் பார்த்தார். அதற்குள் மருமகள் வாசலுக்குப் போய்விட்டாள்.

வாசலில் நடுவயது அம்மா ஒருத்தி. கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு நோட்டு. இரண்டு தெரு தள்ளித் தையல் வகுப்பு நடத்துகிறவள். மருமகள் அவளைப் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து, வழி தெரிந்தவள் மாதிரி மருமகளின் படுக்கையறைக்குப் போய், ஜன்னலிலிருந்து சுவர்வரை நாடாவை இழுத்தாள்.

"ஆறு மெஷின் தாராளமாப் போடலாம். வெட்டற மேஜையை இங்க கட்டில் இருக்கற இடத்துல போட்டுக்கறேன். பாதி வகுப்பை உங்க மாமியாரே பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. சின்ன வயசுலேருந்து ஆசையாம்."

"நீங்க ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றாள் மருமகள், கனிவாக. "இது எங்க அறை. நாங்க எங்கேயும் போகலை."

தையல்கார அம்மா நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதெப்படிம்மா, 'வீட்டை விட்டுப் போனவ உருப்பட மாட்டான்னு ஒரு கதை கட்டிச் சொல்லியிருக்கேன், நான் எதைச் சொன்னாலும் அவ நேர் எதிராத்தான் செய்வா, மாசக் கடைசிக்குள்ள அறை காலியாயிடும்'னு உங்க மாமியார் அடிச்சுச் சொன்னாங்களே?"